பழைய பத்திரிகைக் கட்டுகளை என்ன செய்வது?

குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மவுத்தாகி, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் ஓதி முடிந்த பிறகு, பிள்ளைகள் அவருடைய அறையைத் திறக்கிறார்கள். கடையையும் வீட்டையும் எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஃபராயிள் கணக்கு இருக்கிறது. தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ள ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் கட்டிலுக்கடியிலும் பரண்மேலும் சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருக்கும் பழைய பத்திரிகைகளை என்ன செய்வது என்று கேட்டால் எவரும் வாய் திறப்பதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாராவது ஒரு மருமகன், "எடைக்குப் போட்டுவிடலாமே" என்கிறார். காரியம் முடிந்துவிடுகிறது.

பினாங்குத் தீவிலும் இக்கரையில் பிறையிலும் கடை வைத்திருந்த நம்மவர்களில் பலருக்குப் பத்திரிகை சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. பகலெல்லாம் சிட்டையும் பேரேடுமாக இருந்தவர்கள், கடையை எடுத்துவைத்த பின் மேல்மாடியில் பாயை விரித்துப் படித்தது இவற்றைத்தான். ஒருவர் கல்கியிலும் ஆனந்த விகடனிலும் வந்த தொடர்கதைகளைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்தார். ஒருவர் தபால்தலைப் பத்திரிகைகளையும், ஒருவர் ரேடியோ பழுதுபார்க்கும் முறையை விளக்கும் மாத இதழ்களையும் சேர்த்தார். பிள்ளைகளுக்கு அம்புலிமாமா வந்தது. மற்றொருவர் வீட்டாருக்குத் தெரியாமல் பேசும் படம் வாங்கினார். அதுவும் இருக்கத்தான் செய்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் ரஜூலாக் கப்பலில் ஊர்க் கடிதத்தோடு பத்திரிகைக் கட்டும் வந்த காலம் அது. 1967ல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கும்வரை ரயிலுக்குக் கடைசி நிலையம் பிறைதான். கோலாலம்பூர்ப் பார்சல்கள் இங்கே இறங்கிப் பெர்ரி ஏறிக் கடல் தாண்டின.

இன்று அந்தக் கட்டுகள் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லாரி தெருவில் வருகிறது. தராசு இறங்குகிறது. நாற்பது வருஷச் சேர்மானத்துக்கு ஒரு வேளை நாசி கண்டார் சாப்பிடும் பணம் கிடைக்கிறது. இதில் தவறு ஏதும் உண்டா என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய கேள்வி.

தவறு இல்லை என்பவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்போம். பொருளை வீணாக்குவதை ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். ஆனால் உபயோகமற்ற ஒன்றை வைத்துக்கொண்டு உபயோகமான இடத்தை அடைப்பதும் வீண்தானே? பிள்ளைகள் படுக்க இடமில்லாத அடுக்குமாடி வீட்டில் பாட்டனாரின் குமுதம் ஏன் குடியிருக்க வேண்டும்? இராமபாணப் பூச்சிக்குத் தீனியாக வைத்திருப்பதைவிட எடைக்குப் போட்டால் மறுபடியும் காகிதமாவது ஆகுமே? சேர்த்தவருக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவரோடு போயிற்று. சுமையை மட்டும் வாரிசுகள் ஏன் தூக்க வேண்டும்? இவையெல்லாம் அர்த்தமுள்ள கேள்விகள். ஒரு மனிதர் தம் ஆசைக்காகச் சேர்த்ததைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டிக் காக்க வேண்டும் என்று மார்க்கத்தில் எந்தக் கடமையும் இல்லை. பழசு என்பதற்காகவே எதுவும் புனிதமாகிவிடாது. தகப்பனார் மேல் உள்ள மரியாதையைக் காட்ட அவருக்காக துஆச் செய்வதும், அவர் கடனை அடைப்பதும் இருக்கின்றன. அவருடைய பழைய விகடன்களுக்குப் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருப்பது அதில் சேராது.

அப்படியானால் எங்கே தவறு வருகிறது? வியாபாரிகளுக்கு விளங்கும்படியே சொல்வோம். உங்கள் கிட்டங்கிக்கு ஒருவர் நூறு மூட்டைகளை அனுப்பிவிட்டுக் காலமாகிவிட்டார். மூட்டைமேல் உள்ள எழுத்து உங்களுக்குத் தெரியாத பாஷை. உள்ளே இருப்பது உமியா, குங்குமப்பூவா என்று பிரித்துப் பார்க்காமல், "இடத்தை அடைக்கிறது" என்று தராசில் ஏற்றுவீர்களா? எவரும் ஏற்றமாட்டார். ஒரு மூட்டையையாவது அவிழ்த்துக் கையில் அள்ளிப் பார்ப்பார்; தமக்குத் தெரியாவிட்டால் தெரிந்த தரகரைக் கூப்பிடுவார். வீசுவதற்கு வாரிசுக்கு உரிமை உண்டு. பார்க்காமல் வீசுவது வேறு விஷயம்.

பார்க்காமல் வீசுவது ஏன் நடக்கிறது என்று சொல்ல நமக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுப் பேச்சு தமிழிலிருந்து மலாய்க்கும் இங்கிலீஷுக்கும் மாறிவிட்டது. பேச்சுத் தமிழ் இருக்கும் வீட்டிலும் எழுத்துத் தமிழ் போய்விட்டது. வாப்பா உயிராய்ச் சேர்த்த பத்திரிகையின் பெயரைக்கூட மகனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிவதில்லை. இதற்காக அவனைத் திட்டுவதில் பயனில்லை; அவனை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று தீர்மானித்தவர் அந்த வாப்பாதான். ஆனால் படிக்கத் தெரியாத ஒருவன் ஒரு காகிதம் பயனற்றது என்று எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? அவன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பக்கூடாது என்று மட்டும் சொல்கிறோம். இந்தக் கடமைக்குச் சில மணி நேரம் போதும்.

காட்டினால் என்ன கிடைத்துவிடும்? பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. குமுதம், கல்கி போன்றவை பெருவாரியாக அச்சாகி விற்றவை. நம் வீட்டுப் பிரதி போனால் உலகம் ஏழையாகிவிடாது. ஆனால் அந்தக் கட்டுக்குள்ளேயே, அளவு ஒத்துப் போனதாலோ கைக்கு வந்த இடத்தில் செருகியதாலோ, வேறு சில காகிதங்கள் இருக்கும். ஒரு பள்ளிவாசல் திறப்பு விழா மலர், ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கை, நான்கு இதழ்களோடு நின்றுபோன உள்ளூர் மாசிகை, மீலாது விழா நோட்டீஸ். இவை சில நூறு பிரதிகளே அச்சானவை. எது மலிவாகக் கிடைத்ததோ அதைப் பத்திரப்படுத்துகிறோம், எது அரிதோ அதை அடையாளம் தெரியாமல் விடுகிறோம். சரக்கில் இந்தத் தவறைச் செய்கிற வியாபாரி ஒரு வருஷம்கூடக் கடை நடத்த முடியாது.

நாகூர் குலாம் காதிறு நாவலரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1901ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தில் நக்கீரர் என்று மதிக்கப்பட்டவர். அவர் 1883ல் பினாங்கில் இருந்து வித்தியா விசாரிணி என்ற பத்திரிகையை நடத்தினார். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே இந்தத் தீவில் ஒரு தமிழ் முஸ்லிம் புலவர் பத்திரிகாசிரியராக இருந்தார் என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பத்திரிகையின் ஓர் இதழைக் கண்ணால் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை நடத்திய சிங்கை நேசனின் கதை வேறு. அதன் இதழ்கள் தப்பின. சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் வழியாக இன்று எவரும் படிக்கலாம். அதனால்தான் அக்காலத்து நம்மவர் என்ன வாங்கினார்கள், எதற்குச் சண்டையிட்டார்கள், யார் மேல் யார் புகார் எழுதினார்கள் என்பதெல்லாம் ஆராய்ச்சியாளருக்குத் தெரிகிறது. இரண்டும் நம்மவர் நடத்தியவைதாம். எவரோ சிலர் வைத்திருந்ததும் எவரோ சிலர் வீசியதும்தான் வித்தியாசம்.

இங்கே நம் ஜமாஅத்தார் மனத்தில் ஓர் உறுத்தல் எழும். தாருல் இஸ்லாம், முஸ்லிம் முரசு, பிறை, மணிவிளக்கு போன்ற நம் பத்திரிகைகளில் ஆயத்துகளும் அல்லாஹ்வின் திருநாமமும் அச்சாகியிருக்கின்றன. அவற்றை எடைக்குப் போட்டால் எந்தக் கடையில் கச்சான் பொட்டலம் ஆகுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆகவே பலர் அவற்றைத் தனியே எடுத்து மண்ணில் புதைக்கிறார்கள், அல்லது எரிக்கிறார்கள். மரியாதைக் குறைவு நேராதிருக்க இவ்வாறு செய்வதற்கு உலமாக்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த முறை சிறந்தது என்பதில் ஹனஃபிகளுக்கும் ஷாஃபிகளுக்கும் சிறு வித்தியாசம் உண்டு, அதை அவரவர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். எரிப்பதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ஹலரத் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்துச் சம்பவத்தை. ஆனால் அந்தச் சம்பவத்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் சரியான பிரதிகளை எழுதுவித்தார்கள். அவற்றைப் பல ஊர்களுக்கும் அனுப்பினார்கள். அதன் பிறகே மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்னார்கள். காப்பாற்றுவது முதலில் நடந்தது. நாமோ முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பின்பற்றுகிறோம்.

மரியாதைக்காக ஒதுக்கிவைத்த காகிதம் பின்னால் என்னவாகும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் உண்டு. யமன் தேசத்து ஸன்ஆ நகரின் பெரிய பள்ளிவாசலில் 1972ல் கூரையைச் செப்பனிட்டபோது, மேலே போட்டுவைத்திருந்த பழைய தோல் ஏடுகளும் காகிதங்களும் குவியலாக அகப்பட்டன. அவற்றில் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சேர்ந்த குர்ஆன் ஏடுகளும் இருந்தன. மற்றொன்று கெய்ரோவில் நடந்தது. அங்கே பழைய யூத ஆலயம் ஒன்றில், இறைவனின் பெயர் இருக்கக்கூடும் என்பதால் எழுதிய காகிதம் எதையும் வீசாமல் ஓர் அறைக்குள் போட்டுவந்தார்கள். 1896ல் ஆராய்ச்சியாளர் அந்த அறையை அடைந்தபோது சுமார் மூன்று லட்சம் துண்டுகள் சேர்ந்திருந்தன. வேத ஏடுகளோடு வியாபாரக் கடிதங்களும், பற்றுவரவுச் சீட்டுகளும், கல்யாண ஒப்பந்தங்களும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி மிளகும் வெண்கலமும் வியாபாரம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்பவரின் கடிதங்கள் அதில்தான் கிடைத்தன. அரபிக்கடல் வியாபாரம் எப்படி நடந்தது, யூதரும் முஸ்லிமும் இந்துவும் எப்படி ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கு அனுப்பினார்கள் என்பதை கோய்டைன் என்ற அறிஞர் அந்தக் குவியலிலிருந்து எழுதினார். வேதம் என்று காப்பாற்றிய காகிதத்தோடு சேர்ந்து தப்பியது வியாபாரிகளின் சரித்திரம். அதே கடலில் அவர்களுக்குப் பின் வியாபாரம் செய்த மரைக்காயர்களும் இராவுத்தர்களும் எழுதிய கடிதங்கள் எங்கே என்று கேட்டால், நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்க ஆரம்பித்தவர், பின் ஊருக்குத் திரும்பி வாழ்நாள் முழுதும் சேர்த்துக்கொண்டே இருந்தார். புத்தகங்கள் மட்டுமல்ல, வாரப் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள் என்று பிறர் கழித்ததையெல்லாம் சேர்த்தார். 1992ல் அவர் காலமானபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை அவர் குடும்பத்தாரிடம் விலை கொடுத்து வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றவில்லை. 1994ல் அந்தச் சேர்மானத்தை வைத்துச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஏற்பட்டது. குடும்பத்தார் விற்றது தவறா? தவறே இல்லை என்பது நம் அபிப்பிராயம். மொத்தமாக விற்றார்கள், என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்றார்கள், வாங்கியவர் அதன் அருமை அறிந்தவர். பழம்பொருள் வியாபாரியிடம் அட்டைப் படம் அழகாயிருக்கும் பத்து இதழ்களை மட்டும் கொடுத்துவிட்டு மீதியைத் தெருவில் போடுவதுதான் நஷ்டம். தொடர்ச்சி அறுந்த பத்திரிகை, நடுவில் பக்கம் போன பேரேட்டைப் போன்றது.

இனி, கொடுக்க நினைக்கும் பிள்ளைகள் ஒரு சட்டத்தையும் மறந்துவிடக்கூடாது. மவுத்தானவர் விட்டுச்சென்ற எதுவும், ஊசி உள்பட, எல்லா வாரிசுகளுக்கும் உரியது. மூத்த மகன் ஒருவனே தாராள மனத்தோடு "வாப்பா பெயரால் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்ல முடியாது. சகோதரிகளின் சம்மதமும் வேண்டும். பருவமடையாத வாரிசு இருந்தால் அவன் பங்கைத் தானமாகக் கொடுக்க எவருக்கும் அதிகாரமில்லை. எடைக்குப் போடும்போது இதை யாரும் நினைப்பதில்லை; நூலகத்துக்குக் கொடுக்கும்போது மட்டும் தகராறு வருவதை என்னென்பது! இந்தச் சிக்கல் எதுவும் வராதிருக்க வழி, சேர்த்தவர் தம் ஹயாத்திலேயே முடிவு செய்வதுதான். கிதாபுகளை வக்ஃபு செய்யும் வழக்கம் நம்மிடம் பழமையானது. வஸிய்யத் செய்வதானாலும் மூன்றில் ஒரு பங்குக்குள் வாரிசல்லாத எவருக்கும் செய்யலாம். அதற்கெல்லாம் மனம் வராவிட்டால், ஒரு முழுத்தாளில் இன்ன பெட்டியில் இன்னது இருக்கிறது, இதை வீசலாம், இதை வீசாதே என்று எழுதி வைக்கட்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாதென்றால் அவர்களுக்குத் தெரிந்த பாஷையில் எழுதட்டும். மனிதன் மவுத்தான பின்னும் அவனுக்குத் தொடர்ந்து வரும் நன்மைகளில் பயன் தரும் கல்வியும் ஒன்று என்று ஹதீஸில் கேட்டிருக்கிறோம். பேசும் படத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று எம்மிடம் கேட்காதீர்கள். உள்ளூர் மதரஸாவின் சரித்திரம் அடங்கிய ஒரே மலரைச் சேர்க்கலாம் என்றே நினைக்கிறோம்.

யாரிடம் கொடுப்பது என்பது அடுத்த சிக்கல். "பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவோம்", "சங்கத்துக்குக் கொடுத்துவிடுவோம்" என்று சொல்வது சுலபம். சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியாத அலமாரிக்குள் போவதென்றால், வீட்டில் நனைவது அங்கே போய் நனையும்; அவ்வளவுதான். வாங்கிக்கொள்ளும் சங்கம் மூன்று காரியமாவது செய்ய வேண்டும்: ஒரு பட்டியல் எழுத வேண்டும், ஒரு ஆளைப் பொறுப்பாக்க வேண்டும், கேட்டு வருகிறவருக்குக் காட்ட வேண்டும். இயலாதென்றால் வாங்காமலிருப்பதே அமானத்தைப் பேணுவது. பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. நம் பினாங்கிலேயே 1969ல் ஏற்பட்ட அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதலில் கேட்டுவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும். கேட்காமல் வாசலில் இறக்கிய பெட்டியும் குப்பைதான். கொடுக்க மனமில்லாதவர்கள் படம் பிடித்து வைக்கலாம். இலங்கைத் தமிழர் 2005ல் ஆரம்பித்த நூலகம் என்னும் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பத்திரிகைகளையும் மலர்களையும் அப்படித்தான் ஏற்றியிருக்கிறார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் தொண்ணூற்றேழாயிரம் நூல்களோடு எரிந்ததைக் கண்ட சமூகம் அது. ஒரே பிரதி என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நமக்கு இங்கே நெருப்பு வைக்க எவரும் வரவில்லை. வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000ஆம் வருஷம் பிறந்தபோது, ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடித்தனங்களும் கடைகளும் புதிய வாடகையைத் தாங்காமல் இடம் பெயர்ந்தன. அவசரமாகக் காலி செய்கிறவன் எதை எடுத்துப் போவான்? தராசை எடுத்தான், பெட்டியை எடுத்தான். பரணை அப்படியே விட்டான். எட்டு வருஷம் கழித்து, 2008ல், அந்தக் கட்டடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. சூலியா தெருவில் சுவரின் வர்ணத்தை மாற்றக்கூட இப்போது அனுமதி வேண்டும். அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள் என்ன படித்தார்கள் என்பதைக் காட்ட மட்டும் ஒரு தாளும் இல்லாமல் பல வீடுகள் நிற்கின்றன.

எடுத்துவைத்தது போக மீதியை என்ன செய்யலாம்? சௌராஸ்டா மார்க்கெட்டின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. கதைப் புத்தகமும் ரேடியோப் பத்திரிகையும் அங்கே போனால் இன்னொருவர் கைக்குப் போகும். தபால்தலைப் பத்திரிகையைச் சேர்ப்பவர் எவரேனும் நிச்சயம் இருப்பார். அதற்கும் ஆகாதவை, கறையான் அரித்தவை, ஏற்கெனவே பத்து இடங்களில் உள்ளவை, தாராளமாக லாரிக்குப் போகலாம். மனம் சங்கடப்பட வேண்டியதில்லை. ஆயத்து உள்ள பக்கங்களை மட்டும் தனியே எடுத்துவிடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும். கட்டைப் பிரிக்கும் பிள்ளைகள், கதையும் கட்டுரையும்தான் முக்கியம் என்று எண்ணி விளம்பரப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். விழா மலர்களின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பினாங்கு ஸ்திரீட்டிலும் பிட் ஸ்திரீட்டிலும் இருந்த நம் கடைகளின் பெயர்கள், பங்காளிகளின் பெயர்கள், தந்தி விலாசம், நாலு இலக்க டெலிபோன் நம்பர், ஊரில் உள்ள கிளையின் முகவரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வாழ்த்துடன் என்று போட்டுக் கால் பக்கம் எடுத்துக்கொண்டவர்களில் உங்கள் பாட்டனாரும் ஒருவராக இருக்கக்கூடும்.